ஒஸ்லோ திரையில் ஒரு பிடி சோறு

நான் ஒஸ்லோவுக்குப் போனது பனி பார்க்க அல்ல, படம் பார்க்க. அதை எடுத்தது, டோக்கியோ புறநகரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் நாலைந்து பேர் மேசை போட்டுத் தொடங்கிய அனிமே ஸ்டூடியோ, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் படம் வரையும் இடம். முதலில் அடுத்தவர் தொடர்களுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்தார்கள். பிறகு சொந்தத் தொடர்கள், அப்புறம் முழுநீளப் படங்கள். எல்லாரும் கணினிக்கு மாறிய பின்னும் இவர்கள் பென்சிலை விடவில்லை. இவர்கள் படம் ஒன்றையும் நான் விட்டதில்லை. புதுப் படத்தில் வரைந்த நிலானி என் நண்பனின் உறவுக்காரப் பெண், ஒஸ்லோக்காரி, படம் அவள் ஊரில் திரைக்கு வருகிறது என்று தெரிந்ததும் சென்னையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, படம் ஓடும் அரங்குக்குப் போக, நிலானியின் வீடு இருக்கும் ஒஸ்லோ புறநகர் ஹொல்ம்லியாவில் ரயில் ஏறினோம். நான், நிலானி, பஸ் ஓட்டுநரான அவள் அப்பா செல்வம் அண்ணன். நிலானி ஜன்னல் பக்கம் திரும்பி, வலது கை விரல்களைக் குவித்துக் குவித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நிலையமான ஹவுகெட்டோ தாண்டியதும் காரணம் கேட்டேன்.

"படத்திலை ஒரு யாழ்ப்பாணத்து மாலுமி சோறு சாப்பிடுறார். ஸ்டூடியோக்காரர் கீறின படத்திலை விரல் நுனியாலை கிள்ளி வாய்க்குள்ளை வைக்கிறார். பெருவிரலாலை தள்ளேல்லை. பிழை எண்டு சொன்னனான்."

அந்த ஸ்டூடியோவில் வாயால் சொன்னால் எடுபடாது. பிழை என்பவர், படத்தின் மேல் மஞ்சள் தாள் வைத்துச் சரியாக வரைந்து காட்ட வேண்டும். நேற்று சேர்ந்தவருக்கும் அதே விதி. நிலானி வரைந்து கொடுத்தாள். முடிவு வருவதற்குள் ஒப்பந்தம் முடிந்து ஒஸ்லோ திரும்பிவிட்டாள். எந்தக் கை திரைக்கு வரும் என்று அவளுக்கே தெரியாது.

"இவள் பாத்துக் கீற நான்தான் வீடியோவிலை சாப்பிட்டுக் காட்டினனான் தம்பி," என்றார் செல்வம் அண்ணன். "முதல் நாள் கரண்டியாலை சாப்பிட்டிட்டன். இவளிட்டை நல்லாப் பேச்சு வாங்கினன்."

அரங்கு நிறைந்திருந்தது. பாதிப் படத்தில் மாலுமி தட்டின் முன் உட்கார்ந்தார். நிலானி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பருப்பைப் பிசைந்தார், நாலு விரலில் அள்ளினார், பெருவிரலால் தள்ளினார். சின்ன விரல் மட்டும் மடங்காமல் விறைத்து நின்றது. பக்கத்து இருக்கையில் செல்வம் அண்ணன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பஸ் கதவில் நசுங்கியதிலிருந்து அவருக்கும் அந்த விரல் மடங்குவதில்லை.

"பிள்ளை, கண்ணைத் திற. அது என்ரை கை," என்றார், அரங்கு முழுவதும் கேட்க. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்காக அதையே நோர்வேஜிய மொழியிலும் சொன்னார். நிலானி சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஒஸ்லோ அரங்குகளில் படம் முடியும்வரை யாரும் மூச்சுவிடுவதுகூடக் கேட்காது. சென்னையில் நாங்கள் அப்படியெல்லாம் வளரவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன்.