மேனேஜருக்குப் பிடிக்காத சிவப்பு

மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து அவள் வீட்டில் தினமும் காலையில் ஒரு கூத்து. கணவன் தோளைப் பிடிக்க, அவள் காலைப் பிடிக்க, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்குள் மூவருக்கும் மூச்சு வாங்கிவிடும். "உங்க ஆபீஸ்ல செய்யிற மெஷின் எப்பம்மா வரும்?" என்று அத்தை கேட்காத நாளில்லை.

நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கும் அந்த இயந்திரத்தின் கையைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பவளே அவள்தான். முதல் இயந்திரம் அத்தைக்கே என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுப்பதில் மனிதர் தாராளம்.

அந்த இயந்திரக் கையில் எந்த இடத்தை எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்று கம்ப்யூட்டர் வண்ணத்தில் காட்டும். நீலமென்றால் கவலையில்லை. சிவப்பென்றால் தாங்கும் எல்லை வந்துவிட்டது, அதற்குமேல் இரும்பைக் குறைக்காதே என்று பொருள். அவள் படத்தில் முழங்கை மூட்டில் மட்டும் பொட்டளவு சிவப்பு. மேனேஜருக்கு அதுவே உறுத்தியது.

"வாங்க வர்றவங்க சிவப்பைப் பாத்தா பயந்துடுவாங்கம்மா. நீலமாக்கிடு."

"சார், அது பெயிண்ட் இல்ல."

"எனக்குத் தெரியாதா? எந்த எண்ணுல சிவப்பு ஆரம்பிக்குதோ, அதைக் கொஞ்சம் ஏத்தி வை. படத்துக்குத்தானே!"

தலையிலடித்துக்கொண்டு மாற்றினாள். அடுத்த வாரம் முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார்.

"முழுக்க நீலமா இருக்கே, எதுக்கு இவ்வளவு கனம்? கையோட இரும்புத் தகட்டைப் பாதி கனமாக்கச் சொல்லி பட்டறைக்குப் போன் பண்ணிட்டேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னவரே அதை நம்பிவிட்டால் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

"சார், அது நீங்க வைக்கச் சொன்ன நீலம்!"

எண்ணைப் பழையபடி இறக்கி, பாதித் தகட்டைப் போட்டுக் கணக்கை ஓடவிட்டாள். முழங்கையிலிருந்து தோள்வரை சிவந்தது. மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். சிவப்பு போகவில்லை.

"உங்க மாமியார் ஒல்லிதானே?" என்றார்.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெடித்தது.

"பாதித் தகட்டுலயே செய்ங்க சார். முதல்ல அதுல நீங்க உக்காருங்க, நான் தூக்கிக் காட்டுறேன். அப்புறம் அத்தை உக்காரட்டும்."

அவர் குனிந்து தன் தொந்தியைப் பார்த்தார். பிறகு பட்டறைக்குப் போன் போட்டு, "அந்தத் தகட்டைத் தொடாதீங்க," என்றார்.

மறுநாள் காலை இருவர் பிடியில் அந்தரத்தில் தொங்கியபடியே, மெஷின் எப்போது வரும் என்று அத்தை வழக்கம்போல் கேட்டாள்.

"வரும் அத்தை. கொஞ்சம் கனமா இருக்கும்."

"இருக்கட்டுமே! அதையா நீ தூக்கப்போற? அதுதானே என்னைத் தூக்கப்போகுது."

கணவன் சிரித்த சிரிப்பில் பிடி நழுவப் பார்த்தது.