சேர்ட்டுயினும் ஆறு நாள் விரதமும்

பிள்ளை சுகமாகப் பிறந்தால் கந்தசஷ்டி ஆறு நாளும் பகலில் ஒன்றும் உண்ணாமல் விரதம் இருப்பேன் என்று நேர்ந்திருந்தேன். மகளுக்கு ஐந்து மாதமானபோது அந்த நாள்கள் வந்தன.

"பால் குடுக்கிற நீர், பிள்ளை, விரதம் பிடிக்கத் தேவையில்லை. கோயிலுக்குப் போய்க் கும்பிட்டாக் காணும்" என்றார் மாமி.

நேர்த்தியை முறிக்க எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் விஞ்ஞானத்தைச் சொன்னேன். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவள். உணவு குறையும்போது உடலின் கலங்களில், அதாவது செல்களில், சேர்ட்டுயின் என்னும் புரதங்கள் கூடுதலாக வேலை செய்கின்றன, டீஎன்ஏயின் சேதத்தைத் திருத்த உதவுகின்றன, சில பரம்பரையலகுகளை அடக்கி வைக்கின்றன என்றெல்லாம் விளக்கினேன்.

"என்ர கலங்கள் திருந்தினா பிள்ளைக்கும் நல்லதுதானே, மாமி?"

"உம்மட சேர்ட்டோ சட்டையோ, அது பிள்ளைக்குப் பால் குடுக்குமே?"

கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பயிற்சியாக இரண்டு கிழமை முன்பே காலைச் சாப்பாட்டை விட்டிருந்தேன். விரதத்தின் இரண்டாம் நாள் மத்தியானம் வரை மகளின் துணி நனையவில்லை. வெக்கையில் வியர்த்திருப்பாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவள் அழவே இல்லை. அதை நல்லதாக எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளை நிறுக்கும் கிளினிக். மருத்துவிச்சி மகளைத் தராசில் இரண்டு தரம் வைத்தார். அவளுடைய வளர்ச்சி அட்டையில் புள்ளியிட்டார். மாதாமாதம் ஏறிவந்த கோடு கீழே வளைந்தது.

"தங்கச்சி, நீங்க ஒழுங்காச் சாப்பிடுறதில்லையா?"

"விரதம், மிஸ்."

"பாலுக்கு எங்க போறது? இந்தாங்க, முதல்ல இதைக் குடியுங்க."

அவர் தந்த தேநீரை வாங்குப் பலகையில் அமர்ந்து குடித்தேன். நேர்த்தி முறிந்தது. சேர்ட்டுயினைப் பற்றி நான் படித்ததில் பெரும்பகுதி மதுவம் என்னும் ஈஸ்டிலும் எலியிலும் கண்டது. அங்கே எந்தத் தாயும் பாலூட்டிக்கொண்டிருக்கவில்லை. பஞ்சத்தில் அந்தப் புரதங்கள் காப்பது தாம் இருக்கும் கலத்தைத்தான். என் கலங்கள் தம்மைக் காத்துக்கொண்டிருந்திருக்கலாம். யாருடைய பங்கை எடுத்து?

மகளை மார்பில் அணைத்தேன். நாலைந்து தரம் உறிஞ்சிவிட்டுத் தூங்கிப்போனாள். உள்ளங்காலைச் சுண்டினேன். கண் திறக்கவில்லை. மருத்துவிச்சி ஈரத்துணியால் முகத்தைத் துடைத்த பிறகுதான் முனகினாள்.

அடுத்த கிழமை நிறை கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனால் கோடு அட்டையில் முன்பு இருந்த நிறப் பட்டைக்குத் திரும்பவில்லை.

"இனிச் சரியாயிடுமா, மிஸ்?"

"பாப்பம்" என்றார் அவர், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.