ஒரு ஃபேனுக்கு ஒரு மூலை

எலெக்ட்ரீசியனுக்கு ஷாக் ஒயரிலிருந்து மட்டும் வருவதில்லை; "கையில காசு இல்ல அண்ணாத்த, பதிலுக்கு என் வேலைய செஞ்சி குடுத்துடறேன்" என்பவரிடமிருந்தும் வரும். கைத்தொழில் செய்கிற உங்களுக்கும் அடித்திருக்கும். நான் ஏழாவதோடு நின்றவன். ஆனால் யார் என்ன சொல்லிவிட்டுச் செய்யவில்லை என்பது எனக்கு மறந்ததே இல்லை.

திருக்கழுக்குன்றத்தில் என் வீட்டு மொட்டைமாடி ஒழுகுகிறது, கட்டிலுக்கு நேர் மேலே. மனைவிக்கு வீசிங், ஈரம் ஆகாது. இந்த மாற்று வேலையிலேயே ஒரு கொத்தனாரைப் பிடித்து அதை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். கொத்தனாருக்கு முன்னால் வேறு இரண்டு பேர் கிடைத்தார்கள்.

புரட்டாசி வஞ்சிரம்

சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மீனவர் வீட்டுக்கு முழு ஒயரிங் போட்டேன். வாரா வாரம் குழம்புக்கு மீன் தருவதாகப் பேச்சு. ஆடியில் கேட்டால் காற்று, ஆவணியில் கேட்டால் கடலில் மீனே இல்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை, நாமம் போட்டுக்கொண்டு நிற்கிறேன், வாசலில் முழு வஞ்சிரத்தோடு வந்து இறங்கினார். எங்கள் வீட்டில் அந்த மாதம் முட்டைகூட உடைக்க மாட்டோம். மனைவி கதவைச் சாத்திவிட்டாள். வேண்டுமென்றே செய்கிறாயா என்று கேட்டேன்.

"மீனுக்கு இன்னா தெரியும் நைனா புரட்டாசி, ஐப்பசின்னு? குடுத்தேனா இல்லியா, அத்த சொல்லு."

ஒரு வருஷ முடி

பொத்தேரியில் காலேஜ் பசங்க கூட்டம் குறையாத ஒரு சலூன். கண்ணாடியைச் சுற்றி லைட்டும் ஏசிக்குத் தனி லைனும் இழுத்துக் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு வருஷம் எனக்கு முடிவெட்டு இலவசம்.

மூன்றாவது தடவை போனபோதே, கணக்கு முடிந்தது என்றான் சலூன்காரன். ஒரு வருஷம் என்றாயே என்றேன். என் தலையைக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பிக் காட்டினான். அன்று முதல் பொத்தேரியில் ரயில் நின்றால் அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை.

"பசங்க ஒரு தபா வெட்டிக்கிற முடி உனுக்கு ஒரு வருஷத்துக்கு வரும். இங்க இன்னா கீது வெட்டறதுக்கு?"

ரெண்டு பேரும் நனைந்தோம்

அதற்குப் பிறகுதான் அச்சரப்பாக்கம் கொத்தனார் ஏழுமலை கிடைத்தான். அவன் புது வீட்டுக்கு நான் ஒயரிங், என் மாடி முழுக்க, தண்ணீர் இறங்காமலிருக்க, அவன் தட்டை ஓடு பதிப்பது. இரண்டு முறை பட்டவன் இல்லையா, எல்லா வேலையும் முடித்து, அவன் படுக்கை அறை ஃபேனை மட்டும் மாட்டாமல் நிறுத்திவைத்தேன்.

அவனும் எங்கேயோ பட்டவன் போலிருக்கிறது. மாடி முழுக்க ஓடு பதித்தான், கட்டிலுக்கு மேலே இருக்கும் மூலையை மட்டும் விட்டுவிட்டுப் போனான். ஐப்பசி மழை இறங்கியது. கட்டில்மேல் பக்கெட் படுத்தது, மனைவி சமையலறையில் உட்கார்ந்தபடி இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள். போன் போட்டுக் கத்தினேன்.

"உன் வூட்ல தண்ணி சொட்டுது, என் வூட்ல நான் வேர்த்துகினு கீறேன். ரெண்டு பேரும் நனையறோம். சரியா பூட்ச்சி இல்ல அண்ணாத்த?"

ரெண்டு ஏணி

நீ முதலில், நீ முதலில் என்று பத்து நாள் ஓடியது. மனைவிக்கு இன்ஹேலரும் கேட்கவில்லை. அவளே ஏழுமலையின் மனைவிக்குப் போன் போட்டுப் பேசி முடித்தாள்: ஒரே நாள், ஒரே நேரம்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அச்சரப்பாக்கத்தில் ஏணியில் நின்றேன், அவன் என் மாடியில் நின்றான். கீழே இரண்டு வீட்டுப் பெண்களும் ஸ்பீக்கரில் போனைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒரு ஓடு வெச்சாச்சு" என்று அங்கிருந்து குரல் வந்தால் இங்கே நான் ஒரு ஸ்க்ரூ முறுக்குவேன். "ஸ்க்ரூ ஏறிடுச்சு" என்று இங்கிருந்து சொன்னால் அங்கே அடுத்த ஓடு. மூலையை விட்டுப் போனவனுக்கு மூன்று இறக்கை எதற்கு, ரெண்டு போதும் என்று நான் முணுமுணுத்தது போனில் கேட்டுவிட்டது. ஒருவழியாக ஃபேன் சுற்றியது. போனில் அந்தப் பக்கம் என் மனைவியின் குரல்.

"கடைசி ஓடும் வெச்சாச்சு, எறங்கி வா. வரும்போது மனசு கேக்காம அந்த ஃபேன கழட்டிகினு வந்துடாத."

அடுத்த மழையில் கட்டில் நனையவில்லை; மாற்று வேலையில் யாரும் ஏமாறாமல் இருக்க ரெண்டு ஏணி, ரெண்டு போன், ரெண்டு பெண்டாட்டி வேண்டும் என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் படித்த எட்டாம் வகுப்பு.