பாடமாக்கி வந்த பேச்சு

எழுபதுகளில் மெல்பேண் ஆஸ்பத்திரி ஒன்றின் பேச்சுப் பரிசோதனைக் கூடத்தில் ரெக்னீசியனாக இருந்தேன். பிளந்த அண்ணத்தோடு பிறந்தவர்களின் பேச்சை ரேப்பில் பதிந்து, ஸ்பெக்ட்ரோகிராப் மெஷினில் போட்டுப் படமாக்குவது என் வேலை. உருளையில் சுற்றிய பேப்பரை ஊசி கருக்கிக் கருக்கிக் கோடு போடும். காற்று மூக்கால் கசிந்தால் 'ப', 'ச' போன்ற ஒலிகளின் கோடுகள் மங்கிப்போகும். கூடத்தில் எந்நேரமும் கருகல் மணம்தான்.

ஒரு நாள் சாரதா தகப்பனோடு வந்தாள். பதினேழு வயது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. குழந்தையில் அண்ணம் தைத்தும் பேச்சு மூக்கால்தான் போனது. இரண்டாவது ஒப்பரேசன் வேண்டுமா என்பதை என் படத்தைப் பார்த்துத்தான் சர்ஜன் முடிவெடுப்பார்.

சோதனைக்கென்று இருந்த ஆங்கில வசனங்களை அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். படம் துப்புரவாக வந்தது. சர்ஜன் பார்த்தார். "வெரி குட். நோ ஒப்பரேசன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தகப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, போனமுறை டொக்டரிட்ட வந்தபோது தந்த வசனங்களை வீட்டில ஒவ்வொரு நாளும் பாடமாக்க வைச்சனான். பிள்ளை பாஸ்!"

எங்கள் ஆட்களுக்குச் சோதனை என்றால் பாஸ் பண்ணியே ஆகவேண்டும். இந்தச் சோதனையில் பாஸ் பண்ணினால் வைத்தியம் கிடைக்காது என்று அந்த மனுசனுக்கு யார் சொன்னது? நாங்களும் சொல்லவில்லை. சாரதா கதிரை நுனியில் கண் கலங்கி இருந்தாள்.

தகப்பனை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"தங்கச்சி, பாடமாக்கினதை விடும். காலமை என்ன சாப்பிட்டனீர்? தமிழிலயே சொல்லும்."

"பாணும் சம்பலும்" என்றாள். பிறகு நிறுத்தவே இல்லை. "பள்ளிக்கூடத்தில ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை அண்ணா. சிரிக்கினம். நான் வடிவாச் சொன்னா அப்பாவுக்குச் சந்தோசம், அதான் பாடமாக்கினனான். எனக்கு ஒப்பரேசன் வேணும்."

பாதிக்கு மேல் மூக்கால் போயிற்று. ரேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் எனக்கே முழுதும் விளங்கியது. அதையும் மெஷினில் போட்டுப் படமாக்கினேன்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சர்ஜனிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, மங்கிய கோடு தெரியும். "இது அதே பிள்ளையா?" என்று கேட்டார். ஒப்பரேசனுக்கு நாள் குறித்தார்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் முதலில் சோதனை வசனம் கேட்டதில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்பேன். மெஷின் பேச்சைக் காட்டும், ஆளைக் காட்டாது.

காயம் ஆறிச் சாரதா திரும்ப வந்தபோதும் கதவைச் சாத்திவிட்டு அதையே கேட்டேன்.

"பாணும் சம்பலும்தான் அண்ணா. அப்பா செய்தவர். ஒரே உப்பு!" ஒரு சொல்லும் மூக்கால் போகவில்லை.

"பொய் சொல்லாதை பிள்ளை!" என்று சாத்திய கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. திறந்து பார்த்தேன். தகப்பன் அழுதுகொண்டு நின்றார்.