ஆடிக் கல்யாணமும் ஒரு லீவு லெட்டரும்

1. கூழ்

"கல்யாணத்துக்கு இன்னா சாப்பாடு போட்டாங்கன்னு கேட்டாங்க சார். கூழுன்னு சொன்னேன்" என்றாள் கஸ்தூரி.

கான்சுலேட் வாசலுக்கு எதிரே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அவள் போன் என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கஸ்தூரியின் கணவன் தேசிங்கு எங்கள் கம்பெனியில் மோல்டிங் லைன் ஆபரேட்டர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்ப்படம் செய்கிற கம்பெனி எங்களுடையது. வெளிநாட்டில் உள்ள தாய்க் கம்பெனிக்கு அவனை அனுப்பி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவனுக்கு அங்கே வசிக்கும் உரிமை கிடைத்துவிட்டது. மனைவிக்கும் எட்டு வயது மகள் யாழினிக்கும் அதை வாங்கித் தரவேண்டியது என் வேலை. நான் ஹெச்.ஆர். டிபார்ட்மென்டில் சீனியர் அசிஸ்டென்ட். அன்றைக்கு இன்டர்வியூ. ஃபைலில் அவர்கள் கல்யாணத் தேதி ஆவணி ஆறு என்று இருந்தது. அந்தத் தேதியைக் கஸ்தூரிக்கு ஒரு வாரம் மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன்.

"தேதி ஒழுங்கா சொன்னியா?"

"சொன்னேன் சார். அப்புறந்தான் அந்தத் தமிழ் பேசற மேடம் சிரிச்சிக்கினே சாப்பாடு கேட்டாங்க. 'ஆவணியில ஏதும்மா கூழு? அது ஆடியில இல்ல ஊத்துவாங்க'ன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சி. ஆடிப்பெருக்குக்குதான் கட்டிக்கினோம்னு சொல்லிட்டேன்."

நடுத்தெருவில், அவள் மகள் பக்கத்தில் நிற்கும்போது, நான் கத்தினேன். "ஒரு தேதியச் சொல்லத் துப்பில்ல உனக்கு! ஆறு மாச வேலைய ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டியே!" யாழினி அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டாள். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்தூரி தன் போனை வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் எதிர் எதிரே உட்கார்ந்து வந்தோம். கவரப்பேட்டையில் இறங்கும்போது, "வரேன் சார்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

2. அந்த ஃபைல் எப்படித் தயாரானது

ஹெச்.ஆர். வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். முப்பத்தொரு வருட சர்வீஸில் நான் செய்த எத்தனையோ நல்ல வேலைகளை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் கஸ்தூரி என் டேபிளுக்கு வந்தபோது கல்யாணத் தேதியைக் கேட்டேன். "ஆடி பதினெட்டு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, ஆடி மாசத்துல எவன்மா கல்யாணம் பண்ணுவான்? நல்லா யோசிச்சிச் சொல்லு."

"இல்ல சார், அப்பதான் சார். அது இன்னா ஆச்சின்னா..."

அவள் எதையோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஆடிட் வேலை தலைக்கு மேல் இருந்தது. பத்திரிகை உண்டா என்றேன். இல்லை என்றாள். கல்யாணத்தைப் பதிவு செய்யவும் இல்லை. ஆடி மாதக் கல்யாணம், பத்திரிகை இல்லை, பதிவு இல்லை. இதைக் கொண்டுபோனால் வெளிநாடு போவதற்காகச் செட்டப் செய்த கல்யாணம் என்று கான்சுலேட்டில் நினைப்பார்கள் என்று நானே முடிவு கட்டினேன். நடந்தது உண்மையா என்று நான் யோசிக்கவே இல்லை. பார்க்க உண்மை மாதிரி இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

காலண்டரைப் புரட்டி ஆவணியில் ஒரு முகூர்த்த நாளைப் பிடித்தேன். திருவள்ளூரில் தெரிந்த பிரஸ்ஸில் அந்தத் தேதிக்கு ஐம்பது பத்திரிகை அடிக்கச் சொன்னேன். என்றோ நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய இப்படிப் பழைய தேதியில் பத்திரிகை அடிப்பது எங்கள் பக்கம் யாருக்கும் பெரிய விஷயமில்லை. பிரஸ்காரர்கூட, "பேப்பர கொஞ்சம் மங்கலா போடட்டுமா?" என்றுதான் கேட்டார். அதை வைத்துப் பதிவு முடிந்தது. சர்ட்டிபிகேட்டிலும் ஆவணி ஆறு ஏறிவிட்டது. தேசிங்குக்குப் போன் செய்து, அங்கே கேட்டாலும் இதையே சொல்லச் சொன்னேன். "சரிங்க சார், நீங்க சொன்னா சரிதான்" என்றான்.

கல்யாண போட்டோ ஒன்று கேட்டிருந்தார்கள். கஸ்தூரியிடம் ஒரே ஒரு பிரின்ட் இருந்தது. அம்மன் கோயில் வாசல், வேப்பிலைத் தோரணம், மாலையோடு இரண்டு பேர். யாரோ டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருந்தது. என் டேபிள் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அந்த மூலையை வெட்டினேன்.

"சார், அது ஒண்ணுதான் சார் எங்ககிட்ட இருக்குது" என்றாள் பதறிக்கொண்டு.

"மூஞ்சியெல்லாம் அப்படியேதானம்மா இருக்கு" என்றேன். வெட்டிய துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

எல்லாம் முடிந்த தெம்பில் இன்னொன்றும் சொன்னேன். "பொண்ணுக்கு ஸ்கூல்ல டி.சி. வாங்கிடு. விசா வந்த மாதிரிதான்."

3. மறுப்புக் கடிதம்

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. திருமணம் உண்மையானது என்று நம்ப முடியவில்லை, கணவன் சொல்வதும் மனைவி சொல்வதும் பொருந்தவில்லை, பத்திரிகை புதிதாக அச்சிட்டதாகத் தெரிகிறது, புகைப்படத்தின் மூலை வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வரியும் என் கைவேலை. பத்து வருடம் குடும்பம் நடத்தி ஒரு பெண்ணைப் பெற்றவர்களை, கல்யாணமே ஆகாதவர்கள் என்று ஆக்கிவிட்டேன்.

மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், நல்ல மனிதர்.

"இன்னா ஜெயபால் சார், இப்படி ஆயிடுச்சி?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். ரிட்டயர்மென்டுக்கு நான்கு மாதம் இருந்தது. பொய்யாகப் பத்திரிகை அடித்தேன் என்று சொன்னால் மெமோ வரும், என்கொயரி வரும். வாய் தானாகவே வேறு சொன்னது.

"அந்தப் பொண்ணு பயத்துல ஏதோ உளறிடுச்சி சார். படிக்காத பொண்ணு."

கஸ்தூரி பிளஸ் டூ படித்தவள். அது என் ஃபைலிலேயே இருந்தது.

மேனேஜர் அதை அப்படியே தாய்க் கம்பெனிக்கு மெயில் அனுப்பினார். தேசிங்கு இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் செய்தான். கோபப்படவில்லை. "சார், அவ உளற மாட்டா சார். நீங்க குடுத்த தேதிதான சார் அது" என்றான். எனக்கு ஒரு மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மீட்டிங் எதுவும் இல்லை.

4. கடம்பத்தூர்

மறுபரிசீலனைக்கு மனு போடலாம் என்றார்கள். நான் ஒரு கடிதம் டைப் செய்தேன். இன்டர்வியூவில் மனப் பதற்றத்தால் தவறாகச் சொல்லிவிட்டேன், என் திருமணம் ஆவணி ஆறாம் தேதிதான் நடந்தது, இப்படிக்கு கஸ்தூரி. ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய். கையெழுத்து வாங்கக் கடம்பத்தூருக்குப் போனேன். ஜூன் பாதி தாண்டிவிட்டது. கவரப்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் அம்மா வீட்டில் இருந்தாள்.

அது பள்ளி நாள். யாழினி வாசலில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். பழைய ஸ்கூல் யூனிஃபார்ம், கழுத்தில் டை. டி.சி. வாங்கியதும் அந்த ஸ்கூலில் சீட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுபரிசீலனையில் விசா வந்துவிடும் என்று இங்கே இன்னும் சேர்க்கவில்லை. "தெனம் காலையில அதையே மாட்டிக்கினு ஒக்காந்துக்குது சார், கழட்டுன்னா அழுவுது" என்றாள் கஸ்தூரி.

டீ கொடுத்தாள். கடிதத்தைப் படித்தாள். இரண்டு தரம் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் இதுல கையெழுத்து போட மாட்டேன் சார்."

"போடலன்னா காரியம் நடக்காதும்மா."

"நான் ஒண்ணும் உளறல சார். கூழுதான் ஊத்துனாங்க. ஆடின்னு சமையல்காரங்க யாரும் வரல. பத்திரிகை அடிக்கப் போனா, 'ஆடியிலயா?'ன்னு கடைக்காரரு ரெண்டு தபா கேட்டாரு, வெக்கமாப் போயி திரும்பி வந்துட்டோம். எங்க மாமா இன்னிக்கி வரைக்கும் எங்ககிட்ட பேசறதில்ல. கோயில்ல ஊருக்கு ஊத்தின கூழு, அதான் எங்க கல்யாண சாப்பாடு. அதப் போயி எப்படி சார் இல்லன்னு எழுதறது?"

"அப்ப வைகாசியில வச்சிருக்கலாம்ல?" என்றேன் எரிச்சலோடு. அப்போதும் எனக்கு எரிச்சல்தான்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"வைகாசியிலதான் சார் நாள் பாத்தாங்க. அவருக்கு லீவு கெடைக்கல. ஷட்டவுன்ல எடுத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. ஷட்டவுன் ஆடியில வந்துச்சி." டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "டைம் ஆபீஸ்ல அப்ப நீங்கதான் சார் இருந்தீங்க."

அந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். டீயைக் குடிக்கவில்லை.

5. ரெக்கார்டு ரூம்

எனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. டைம் ஆபீஸில் இருந்த காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லீவு லெட்டருக்குச் சிவப்பு மையில் எழுதியிருப்பேன்! எங்கள் ஃபர்னஸை வருடத்துக்கு ஒரு தரம் அணைத்து உள்பூச்சை மாற்றுவார்கள். அந்த ஆறு நாள்தான் ஷட்டவுன். சின்ன ஆட்கள் யார் லீவு கேட்டாலும் 'ஷட்டவுனில் எடு' என்பது என் வழக்கமான பதில். பஞ்சாங்கத்தில் அது எந்த மாதம் என்று நான் பார்த்ததே கிடையாது.

மறுநாள் ரெக்கார்டு ரூமில் பழைய கட்டுகளைப் பிரித்தேன். மதியத்துக்கு மேல் கிடைத்தது. தேசிங்கின் குண்டுக் குண்டான கையெழுத்து. 'வருகிற வைகாசி மாதம் எனக்கும் கடம்பத்தூர் கஸ்தூரி என்பவருக்கும் திருமணம் நடைபெற உள்ளதால் ஐந்து நாள் விடுப்பு வேண்டுகிறேன்.' அதன் குறுக்கே என் சிவப்பு மை: 'டெஸ்பாட்ச் அர்ஜென்ட். லீவு கிடையாது. ஷட்டவுனில் எடுக்கவும்.' கீழே என் கையெழுத்து. அதோடு குத்தியிருந்த இரண்டாவது தாளில், 'ஐயா சொன்னபடி ஷட்டவுனில், ஆடிப்பெருக்கு அன்று திருமணம் வைத்துள்ளோம்' என்று எழுதி, அந்த நாட்களில் தனக்கு வேறு ஷெட்டில் டூட்டி போடவேண்டாம் என்று கேட்டிருந்தான்.

ஐயா சொன்னபடி. அந்த வார்த்தையைப் படித்தபோது யாரும் இல்லாத அந்த அறையில் எனக்கு முகம் எரிந்தது.

அவர்கள் கல்யாணத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. கம்பெனி முத்திரை, தேதி, பெண் பெயர், எல்லாம் இருந்தது. ஆனால் இதைக் கொடுத்தால் பத்திரிகையை அடித்தது யார் என்றும் சொல்லவேண்டும். இப்போது எழுதவே கை கூசுகிறது. அந்த இரண்டு தாளையும் என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஏழு வாரம் பூட்டியே வைத்திருந்தேன். தினமும் அந்த டிராயரைத்தான் முதலில் பார்ப்பேன். யாழினி அந்த ஏழு வாரமும் டை கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

ரிட்டயர்மென்ட் அன்று கான்டீனில் சால்வை போட்டார்கள். "ஜெயபால் சார் கையில ஒரு பேப்பர் போனா அதுல ஒரு தப்பு இருக்காது" என்று மேனேஜர் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் அவர் ரூமுக்குப் போய் டிராயர் சாவியை டேபிளில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"செட்டில்மென்ட் பேப்பர்ல கையெழுத்து ஆனப்புறம் சொல்றீங்களே சார்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. லீவு லெட்டர்களை எடுத்துவரச் சொல்லி, காப்பியில் அவரே கையெழுத்துப் போட்டு, ஒரிஜினலோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார்.

பத்திரிகை நான் அடித்தது, மூலை நான் வெட்டியது, அந்தப் பெண் சொன்னது அத்தனையும் உண்மை என்று என் பெயரில் அஃபிடவிட் எழுதினேன். பதிவு அலுவலகத்தில் தேதியைத் திருத்த நான்கு தரம் நடந்தேன். அங்கே ஒவ்வொருவரிடமும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்ற கேள்விக்கு நின்று பதில் சொன்னேன். கான்சுலேட்டில் அந்தத் தமிழ் பேசுகிற மேடம் லீவு லெட்டரைப் படித்துவிட்டு, "மொதல்லயே இதக் கொண்டாந்திருக்கலாமே சார்" என்றார்.

பொங்கல் கழித்து விசா வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பென்ஷன் வருகிறது.

6. ஜெராக்ஸ்

பிள்ளைகளே, உங்கள் டேபிளுக்கு வருகிறவர் சொல்வது நம்புகிற மாதிரி இல்லை என்றால், அதைத் திருத்துவதற்கு முன்னால் ஏன் அப்படி ஆனது என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருங்கள். நான் கற்றது இவ்வளவுதான். அதைக் கற்க ஒரு பெண்குழந்தை பாதி வருடம் பள்ளிக்கூடம் இல்லாமல் இருக்கவேண்டியிருந்தது.

ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் கஸ்தூரி மகளோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் வாசலிலேயே, "என்ன மன்னிச்சிடும்மா" என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"அத்த வுடுங்க சார்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். அந்த லீவு லெட்டரு காப்பி உங்ககிட்ட இருக்குதா?"

"இருக்கும்மா. ஏன், கான்சுலேட்ல மறுபடி கேக்கறாங்களா?"

"இல்ல சார். போட்டோவும் மூலை போயிடுச்சி. எங்க ரெண்டு பேரு பேரும் போட்டு, கல்யாணம்னு அப்பவே எழுதின பேப்பரு எங்களுக்கு அது ஒண்ணுதான். பொண்ணு பெருசானா காட்டணும். ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க சார்."

தெருமுனைக் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் தாளை மெஷினில் வைத்துவிட்டு, "கலர்ல எடுக்கட்டா, பிளாக் அண்ட் ஒயிட்டா சார்?" என்றார். கலரில் எடுத்தால் என் சிவப்பு மை அப்படியே விழும்.

கலரிலேயே எடுக்கச் சொன்னேன்.