தூசி மூடிய நட்சத்திரங்களைப் பார்க்கப் போன காலம்

எண்பதுகளின் நடுவில் ஆராய்ச்சிப் படிப்புக்காக வெளிநாடு போனேன். பால்வீதியின் மையத்தருகே, தூசிக்குள் மறைந்து கிடக்கும் வயதான நட்சத்திரங்களைப் பற்றிய ஆய்வு அது. அவற்றின் ஒளியைத் தூசி விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்கள் மட்டும் தப்பி நம்மிடம் வந்து சேரும், ஒருவகை வெப்பம்தான். கல்முனைக்குடி வீட்டில் எனக்குப் பெட்டி அடுக்கித் தந்த மனைவி சிரித்தாள்.

“தூசி பாக்கவா இவ்வளவு தூரம் போறீங்க? அது நம்மட வாசல்லயே கிடக்கே.”

நாலு வயது மகள் அதையே பாட்டாக்கி வீடெல்லாம் பாடித் திரிந்தாள்.

அடுத்த வருடம் மலையுச்சித் தொலைநோக்கி எங்களுக்கு ஒரு வாரம் கிடைத்தது. கருவிக்குத் திரவ நைதரசன் ஊற்றிக் குளிரவைப்பது என் வேலை. இல்லாவிட்டால் அது தன் சூட்டையே அளந்துகொண்டிருக்கும். மங்கலான ஒரு நட்சத்திரத்தின் கோடு கருவியின் பதிவுக் காகிதத்தில் எழும்பி வந்தபோது என்னை மறந்து கத்தினேன். மறுநாள் காலை, எங்களோடு வந்திருந்த என் பேராசிரியருக்குத் தொலைபேசி வந்தது. ஊரிலிருந்து என் உடன்பிறந்த மூத்த காக்கா அடித்த தந்தியைப் பல்கலைக்கழகத்தில் யாரோ வாசித்துச் சொன்னார்கள். மகள் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டாள். அடக்கமும் முடிந்திருந்தது.

நான் வந்து சேர்ந்தபோது மையவாடியில் அவளை அடக்கிய கபுரின் மணல் காய்ந்து போயிருந்தது. மனைவி என்னோடு கதைக்கவில்லை. சில நாள் கழித்து, அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவள், தானாகவே கேட்டாள்.

“அங்க என்ன பாத்தீங்க?”

சொன்னேன். நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தூசியின் சூட்டை இங்கிருந்தே அளக்கலாம் என்றேன்.

“அது எவ்வளவு தூரம்?”

“வெளிச்சம் வந்து சேரவே ஆயிரக்கணக்கான வருஷம்.”

“அவ்வளவு தூரத்துச் சூடு தெரிஞ்சிருக்கு,” என்றாள். “புள்ளட மேல் அனலாக் கொதிச்சிச்சி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் வாப்பா எங்க, வாப்பா எங்க எண்டுதான் கேட்டா.”

அவள் குரலில் கோபமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் திரும்பிப் போகவில்லை. மிச்ச அளவீடுகளை மற்றவர்கள் முடித்தார்கள். ஊர்ப் பாடசாலை ஒன்றில் பௌதிகம் படிப்பித்தேன். எங்களுக்கு வேறு பிள்ளை கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மையவாடிக்குப் போய் வருவேன். எங்கள் ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை. மனைவி வீட்டு வாசல் படலையடியில் காத்து நிற்பாள்.

“புல்லு முளைச்சிருக்கா?”

“ஓம்.”

“புடுங்கினீங்களா?”

“இல்ல.”

“கிடக்கட்டும்,” என்பாள். “புள்ளக்கு நிழல்.”