கிப்லா பார்த்த சூரியத் தகடு

எங்கள் ஊரில் வெயிலுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. காலையில் கடலிலிருந்து எழும் சூரியன், மறைக்க ஒரு குன்றுகூட இல்லாத சாய்ந்தமருதில் மாலைவரை இலவசமாகக் காய்ந்தது. பஞ்சம் கரண்டுக்குத்தான். எண்பதுகளின் நடுவில் மெயின் ரோட்டில் பல்புகள் எரிந்தன. உள்ளே கிடந்த எங்கள் ஒழுங்கைக்கு மின்கம்பமே வந்து சேரவில்லை.

நான் அப்போது புது மாப்பிள்ளை. ஊர் வழக்கப்படி மனைவி வீட்டில் குடியிருந்தேன். மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், எனக்குக் கேட்கிற சத்தத்தில். அவருக்கு ஓர் ஆசை இருந்தது: நோன்பு மாதத்தில் குர்ஆனின் ஜுஸ்வு எனும் முப்பது பாகங்களையும் ஓதி முடிப்பது. பகலில் நெல்லும் அடுப்பும் விடாது. அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்தால் மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கண் வடியும். போன வருடம் பாதியில் மூடிவைத்துவிட்டு அழுதாராம்.

சூரிய மின்சாரம் பற்றி ஒரு சஞ்சிகையில் இரண்டு பக்கம் வாசித்திருந்தேன். அந்தப் பலத்தில் மாமாவைப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். கொழும்பிலிருந்து ஒரு தகடும், பெட்டரியும், முழநீளத்தில் ஒரு டியூப் லைட்டும் வந்தன.

கூரையில் நின்று மாமா கேட்டார்: "எந்தப் பக்கம் பாத்து வைக்கிற, மருமகன்?"

அது மூன்றாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தகட்டைப் புரட்டிப் பார்த்தேன்.

"யோசிக்க என்ன கிடக்கு? நல்ல சாமான். கிப்லாவுக்குத் திருப்புவம்."

"ஓம் மாமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பின்னேர வெயில்தானே சூடு கூட, கரண்டும் கூட வரும்" என்று விஞ்ஞானமும் சேர்த்தேன்.

தகடு மக்கா இருக்கும் மேற்கே பார்த்தது. மேற்கே பக்கத்து வளவுத் தென்னைகள் நின்றன. நடுப்பகல் லுஹர் தொழுது வருவதற்குள் நிழல் ஏறிவிடும். மாமி இரண்டு பக்கம் ஓதுவதற்குள் லைட் மங்கும். விளக்கு வரும், புகையும் வரும். பத்து நோன்பாகியும் அவர் எட்டாவது ஜுஸ்வைத் தாண்டவில்லை. நான் தினமும் பெட்டரியைத் தட்டிப் பார்த்தேன், நாடி பிடிக்கிற பரிசாரியைப் போல.

பதினோராம் நோன்பன்று கதவுக்குப் பின்னால் குரல் எழுந்தது.

"மகள், விடிய வெயில் எங்க நிக்கிதெண்டு அவருக்கிட்டக் கேளுகா. இருவது வருசமா அவிச்ச நெல்லு காயப்போடுறன். கடல்பக்கம் பாய விரிச்சா ரெண்டு மணிக்குச் சுருட்டலாம்."

"நான்தான் கிப்லாவுக்கு..." என்று மாமா தொடங்கினார்.

"பாய்க்கு ஆரும் கிப்லா பாத்தாங்களா? தகடு தொழவா போகுது?"

தகடு கடல் பார்த்த குசினிக் கூரைக்கு இறங்கியது. "பிஸ்மி சொல்லி வெச்சா எங்கால பாத்தாலும் சரிதான்" என்று மாமா தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டார்.

இருபத்தேழாம் நோன்புக்கான மாலையில், மஃரிபுக்குப் பின், முன் மண்டபத்தில் இருந்து மாமி ஓதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குர்ஆனின் கடைசிச் சின்ன சூறாக்கள் ஒவ்வொன்றாகப் போயின. லைட் கண் சிமிட்டவில்லை. துஆ முடிந்தது. மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. இம்முறை புகையால் அல்ல.

கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்குப் பின்னாலிருந்து:

"மகள், உங்கட அவரு எத்தின ஜுஸ்வு முடிச்சாராம்?"

பெட்டரிக்குத் தண்ணீர் பார்க்க வேண்டியிருந்தது. எழுந்து போனேன்.